கோயில் வாசல் சிறுநூலும் ஆய்வேட்டின் அடிக்குறிப்பும்

திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், மதுராந்தகம் ஆகிய ஊர்களுக்குக் களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர் கையில் முதலில் வந்து சேர்வது கல்வெட்டுத் தொகுதி அல்ல. பதினாறு அல்லது முப்பத்திரண்டு பக்கத் தலபுராணச் சிறுநூல்தான் முதலில் வரும். பிறகு கும்பாபிஷேக மலர், பிரம்மோற்சவ நோட்டீஸ், சுற்றுலா வழிகாட்டி, உபயதாரர் பெயர்களோடு அச்சிட்ட அழைப்பிதழ் என்று பை நிறையும். ஊரின் தீர்த்தங்கள் எவை, எந்த மண்டகப்படி யாருக்கு உரியது, தேர் எந்த வீதி வழியே போகிறது என்பதையெல்லாம் அவர் இந்தத் தாள்களிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார். ஆய்வேடு முடிந்த பின் துணைநூற்பட்டியலைப் புரட்டினால், பெரும்பாலும் அவற்றில் ஒன்றுகூட இருக்காது.

இவை இரண்டு வழியில் மறைக்கப்படுகின்றன. மாணவர் சிறுநூலில் படித்த செய்தியை எடுத்துக்கொள்வார்; அதே செய்தி வரும் மதிப்பான ஆங்கில நூல் ஒன்றைத் தேடிப்பிடித்து அடிக்குறிப்பில் போடுவார். நெறியாளர் அப்படிச் சொல்லியிருப்பார், அல்லது புறத்தேர்வாளருக்கு அஞ்சி அவரே செய்திருப்பார். இல்லையென்றால், அச்சிட்ட தாளை ‘செவிவழிச் செய்தி’, ‘ஊர்ப் பெரியவர்கள் கூறுவர்’ என்ற சொற்களுக்குள் கரைத்துவிடுவார். இரண்டுமே வாசகருக்குச் செய்யும் துரோகம். முதலாவது, படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டுகிறது. இரண்டாவது, யாரோ ஒருவர் எழுதி, யாரோ ஒருவர் அச்சுக்கோத்து, விலை வைத்து விற்ற ஒன்றைக் காலமும் ஆளும் இல்லாத மரபாக மாற்றிவிடுகிறது.

கையில் எதை வைத்துப் படித்தோமோ அதையே காட்ட வேண்டும் என்பது என் கட்சி. அது எட்டுப் பக்க நோட்டீஸாக இருந்தாலும் சரி. காட்டுவதால் அதை நம்புகிறோம் என்று ஆகிவிடாது. தலபுராணச் சிறுநூல் தான் பேசும் பல்லவர் காலத்துக்கோ கிருதயுகத்துக்கோ சாட்சி ஆகாது. தான் அச்சான காலத்துக்கு மறுக்க முடியாத சாட்சி. இந்த வேறுபாட்டைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதை மாமல்லபுரக் கடற்கரையில் இருநூறு ஆண்டுக் கதையாகவே பார்க்கலாம்.

ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போய்விட்டன, மிஞ்சியது கரைக்கோயில் ஒன்றுதான் என்ற கதை இன்று எல்லோருக்கும் தெரியும். மாலுமிகள் இந்த இடத்தை ‘ஏழு பகோடா’ என்று அழைத்தது பழைய வழக்கம். 1582ஆம் ஆண்டு வாக்கில் இப்பகுதிக் கடலில் பயணம் செய்த வெனிஸ் நகர நகைவணிகர் காஸ்பரோ பால்பியின் குறிப்பிலேயே அந்தப் பெயர் வருகிறது. ஆனால் மூழ்கிய நகரத்தின் கதையை விரிவாக அச்சில் ஏற்றியவர் வில்லியம் சேம்பர்ஸ். அவர் 1772இலும் 1776இலும் இங்கே வந்தார். கட்டுரையை எழுதியது 1784இல். அது ஆசியாடிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில் 1788இல் வெளியாயிற்று. பார்த்தபோது குறிப்பு எடுத்துக்கொள்ளவில்லை என்றும், எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதுவதாகவும் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். செப்புத் தகடு வேய்ந்த கோபுர முடிகள் கடலுக்குள் சூரிய ஒளியில் மின்னியதை ஊரின் முதியவர்கள் கண்டதாகக் கேட்டதை எழுதினார். பலியின் வழிவந்த ஓர் அரசன் இந்திரலோகம் போய்வந்து அதன் அழகைத் தன் நகரில் படைத்தான், பொறாமை கொண்ட இந்திரன் கடலை ஏவி நகரை அழித்தான் என்று அந்தணர்கள் சொன்ன கதையையும் எழுதினார். ஆக, அவருடைய கட்டுரை 1770களில் இந்த ஊரில் வழங்கிய பேச்சுக்கு நல்ல சான்று. ஏழாம் நூற்றாண்டுக் கட்டடங்களுக்கு அது சான்றே அல்ல.

அந்தக் கட்டுரை பிறகு போன வழி நீளமானது. ராபர்ட் சதி என்ற ஆங்கிலக் கவிஞர் 1810இல் வெளியிட்ட கெஹாமாவின் சாபம் என்ற காவியத்தில் கடலுக்கடியில் உள்ள பலியின் நகரத்தைப் பாடினார். தான் எடுத்தாண்ட ஆதாரத்தைப் பின்குறிப்பில் காட்டவும் செய்தார். 1844இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் லெப்டினன்ட் பிராடக் எழுதிய மாமல்லபுர வழிகாட்டி வந்தது. சிற்பங்களையும் குடைவரைகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக எழுதப்பட்டது அது. 1869இல் கேப்டன் கார் என்ற அதிகாரி சேம்பர்ஸ், கோல்டிங்ஹாம், பாபிங்டன், பிராடக் முதலியோர் எழுதியவற்றையும், காலின் மெக்கன்சியின் உதவியாளர் காவலி லட்சுமய்யா 1803இல் எழுதிய விவரணையையும் ஒரே நூலாகத் தொகுத்தார். அதை வெளியிட்டது சென்னை அரசு. இன்று மாமல்லபுரம் பற்றி எழுதும் எவரும் காரின் தொகுப்பைக் காட்டாமல் போவதில்லை. பிராடக் எழுதியது அன்றைய சுற்றுலா வழிகாட்டி என்பதை யாரும் குறையாகச் சொல்வதும் இல்லை. நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்ததும், ஒரு தொகுப்பில் அடங்கியதும் அதை ஆவணமாக்கிவிட்டன. கார் செய்த நல்ல காரியம் ஒவ்வொரு துண்டையும் எழுதியவர் பெயரோடும் ஆண்டோடும் பிரித்தே வைத்தது. அதனால்தான் எது யார் காதில் எப்போது விழுந்தது என்று இன்றும் பிரித்தறிய முடிகிறது.

இன்றைய வழிகாட்டிச் சிறுநூல்களில் அந்தப் பிரிவினை அழிந்துவிட்டது. மூழ்கிய கோயில்களின் கதை அவற்றில் ‘தொன்றுதொட்டு வழங்கும் செய்தி’ என்றே வருகிறது. சேம்பர்ஸ் கேட்டு எழுதியது, கார் தொகுத்தது, வழிகாட்டி நூல்கள் சுருக்கியது, சுற்றுலா வழிகாட்டிகள் நாள்தோறும் பேருந்துக் கூட்டத்துக்குச் சொல்வது எல்லாம் கலந்து ஒன்றாகிவிட்டன. இப்போது ஒரு மாணவர் மீனவர் குப்பத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து அதே கதையைக் கேட்டு வாய்மொழி மரபு என்று எழுதினால், அது மரபாகவும் இருக்கலாம், 1788ஆம் ஆண்டு ஆங்கில இதழின் எதிரொலியாகவும் இருக்கலாம். அச்சில் ஏறியது மீண்டும் வாய்மொழிக்குள் புகுந்து பழைய வழக்குபோலத் திரும்பி வருவதை வரலாற்றாய்வாளர் டேவிட் ஹெனிகே 1973இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபாந்தே கடற்கரை ஊர்களை வைத்து விளக்கினார். நம் கடற்கரைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. பிரித்தறிய ஒரே வழி, இடையில் வந்த ஒவ்வொரு அச்சுத்தாளையும் காலவரிசையில் நிறுத்திப் பார்ப்பது. மலிவான வழிகாட்டி நூல் என்று யாரும் பதிவு செய்யாமல் விட்டால், இடையிலுள்ள கண்ணிகள் அனைத்தும் அறுந்துபோகும்.

கடலுக்கடியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2002இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முக்குளிப்பாளர்கள் கடலடியில் சுவர்ச் சிதைவுகளும் செதுக்கிய கற்களும் இருப்பதாக அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் மணல் அரித்துப் பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அந்தத் தடத்தில் 2005இல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ஒரு முருகன் கோயிலின் அடித்தளமும் அதன் கீழே அதற்கும் முந்திய செங்கல் கட்டுமானமும் கிடைத்தன. இவை தங்கள் சொந்த ஆதாரத்தில் நிற்கும் செய்திகள். ஏழு கோயில் கதைக்கு முட்டுக்கொடுக்க இவற்றை இழுத்து வருவதும், இவற்றுக்கு மெருகூட்ட அந்தக் கதையை இழுத்து வருவதும் செய்தித்தாள்களில் அப்போது நிறையவே நடந்தன. ஆய்வேடுகள் அவற்றைப் பின்தொடர வேண்டியதில்லை.

மதுராந்தகம் வேறு வகையான பாடம். ஏரி உடையும் தறுவாயில் இருந்த மழை இரவில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் லயனல் பிளேஸ் கரைக்குப் போனபோது வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் ஒளியோடு காவல் நிற்பதைக் கண்டார் என்றும், ராமலட்சுமணரே அவர்கள் என்று உணர்ந்து தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார் என்றும் தலவரலாறு சொல்கிறது. ஏரி காத்த ராமர் என்ற பெயருக்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆண்டு மட்டும் சொல்கிறவருக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். பிளேஸ் உண்மையான ஆள். 1794 முதல் 1798 வரை கம்பெனியின் ஜாகீராக இருந்த இந்தப் பகுதிக்குக் கலெக்டர். ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் அந்தத் தர்மம் அவருடையது என்று பெயர் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. தம் ஆட்சிக்காலத்தைப் பற்றி 1799இல் அவர் எழுதிய நீண்ட அறிக்கையும் உண்டு. அந்த அறிக்கையையும் பிற கம்பெனி ஆவணங்களையும் வைத்து யூஜீன் இர்ஷிக் 1994இல் எழுதிய உரையாடலும் வரலாறும் என்ற ஆங்கில நூல், செங்கல்பட்டுச் சீமையில் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட்டதையும் கோயில் விழாக்களுக்கு ஆதரவளித்ததையும் விரித்துரைக்கிறது. போர்களில் சிதறிய குடிகள் ஊர் திரும்பி உழ வேண்டுமென்றால் ஏரியும் கோயிலும் இரண்டும் நிற்க வேண்டும் என்பது அந்த அதிகாரியின் கணக்கு.

இங்கே கல்வெட்டு, அலுவலக அறிக்கை, சிறுநூல் என்று மூன்று சாட்சிகள். மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கல்வெட்டு கொடையைச் சொல்கிறது. அறிக்கை வரிவசூலையும் ஏரி மராமத்தையும் சொல்கிறது. காட்சியைச் சொல்வது சிறுநூல். ‘1798இல் பிளேஸ் ராமரைக் கண்டார்’ என்று எழுதிச் சிறுநூலை அடிக்குறிப்பில் போட்டால் அது வரலாறு ஆகாது. ‘ஏரியைச் செப்பனிட்ட வெள்ளைக்கார அதிகாரியை மதுராந்தகம் தன் தலபுராணத்துக்குள் ஏற்றுக்கொண்டது, இன்ன ஆண்டில் அச்சான இன்ன சிறுநூலில் கதை இந்த வடிவில் இருக்கிறது’ என்று எழுதினால், அதே தாள் முதல்தரச் சான்று. புராணத்தில் புதிய அத்தியாயம் சேர்வது இப்படித்தான். அந்தச் சேர்க்கையை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு அரிது. அடுத்தடுத்த பதிப்புகளில் கதை எப்படி வளர்ந்தது என்று ஒரு மாணவர் ஆராயப் புகுந்தால் அவருக்கு வேண்டியது கல்வெட்டு ஆண்டறிக்கை அல்ல, பழைய சிறுநூல்கள்தான்.

தான் சொல்ல நினைக்காததற்கும் சிறுநூல் சாட்சியாவது உண்டு. திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிவேளைக்கு முன் இரண்டு கழுகுகள் மலைமேல் வந்து பண்டாரம் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டுவிட்டுப் பறந்துபோவது வழக்கமாக இருந்தது. சாபம் பெற்ற முனிவர்கள் அவை, காசியில் நீராடி இங்கே உணவுகொண்டு ராமேசுவரத்தில் தங்குகின்றன என்பது தலபுராணம். பறவையியலாளருக்கு அவை மஞ்சள்முகப் பாறுகள். வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட அந்தப் பறவையை ஐ.யூ.சி.என். 2007இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டுதான், கால்நடைகளுக்குக் கொடுத்துவந்த டைக்ளோஃபினாக் மருந்து பாறுகளைக் கொல்கிறது என்பதால் இந்திய அரசு அதைத் தடைசெய்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு கழுகுகள் மலைக்கு வருவதில்லை.

இப்போது பழைய தலபுராணச் சிறுநூல்களையும் பட்சிதீர்த்தம் என்று தலைப்பிட்ட படத் தபாலட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். பறவை பண்டாரத்தின் கைக்கு எவ்வளவு அருகில் வந்தது, எத்தனை வந்தன, எந்த வேளைக்கு வந்தன, என்ன உண்டன என்று அவை சொல்கின்றன. அட்டைப் படத்தைக் கொண்டு இனத்தை உறுதி செய்யலாம். ‘நாள்தோறும் வருகின்றன’ என்று நிகழ்காலத்தில் எழுதிய பதிப்பு எது, ‘வந்துகொண்டிருந்தன’ என்று மாறிய பதிப்பு எது என்று கண்டுபிடித்தால், பறவை நின்றுபோனதை ஊர் ஒப்புக்கொண்ட காலம் தெரியும். இந்த வட்டாரத்தில் பாறு மறைந்ததற்கு இதைவிடத் தொடர்ச்சியான எழுத்துச் சான்று வேறு எங்கே இருக்க முடியும்? ஆனால் இந்தக் கேள்வியை எழுப்ப ஒரு நிபந்தனை உண்டு. சிறுநூலுக்கு ஆண்டு தெரிய வேண்டும்.

அங்கேதான் எல்லாரும் சலித்துப்போகிறார்கள். பெரும்பாலான சிறுநூல்களில் அச்சகத்தின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், ஆண்டு இருக்காது. இதைப் பதிப்பாளரின் அலட்சியம் என்று நினைப்பது தவறு. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல் பதிவுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும், வெளியிட்டவர் பெயரும் வெளியிட்ட இடமும் ஒவ்வொரு நூலிலும் இருக்க வேண்டும் என்றது. ஆண்டைக் கேட்கவில்லை. ஆட்சிக்கு எதிராக ஏதாவது அச்சானால் யாரைப் பிடிப்பது என்பதே அரசின் கவலை. அந்தக் கவலையின் பயனாகத்தான் குஜிலிக் கடைக் காலணாப் பாட்டுப் புத்தகத்தில்கூட அச்சகப் பெயர் தவறாமல் இருக்கிறது.

அதே சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு ஆய்வாளருக்குப் பெரிய கொடை. பதிவுக்கு வந்த ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்டவர், வெளியிட்டவர், அச்சகத்திலிருந்து வெளிவந்த நாள், பக்க எண்ணிக்கை, அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, விலை ஆகியவற்றைக் குறிக்கச் சொன்னது. இவை காலாண்டுப் பட்டியலாகச் சென்னை மாகாணத்தில் அரசிதழின் இணைப்பாக வெளியாயின. நூலில் இல்லாத ஆண்டு அந்தப் பட்டியலில் இருக்கும். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, வெள்ளச் சிந்து என்று முச்சந்தியில் பாடி விற்ற நூல்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய முச்சந்தி இலக்கியம் 2004இல் வந்தபோது, இப்படிப்பட்ட அச்சை எத்தனை முறையாகக் கையாளலாம் என்பதைத் தமிழில் காட்டியது. மலிவுப் பதிப்புகளை ஒதுக்கிய இலக்கிய வரலாறு எவ்வளவு பெரிய வாசகர் கூட்டத்தை ஒதுக்கியது என்பதும் அதனால் வெளிச்சத்துக்கு வந்தது.

பட்டியலில் கிடைக்காதவற்றுக்குத் தாளே துப்புக் கொடுக்கும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்பு. ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். ‘விகாரி வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருந்தால் 1899, 1959, 2019 மூன்றும் சாத்தியம்; விலை நயா பைசாவில் இருந்தால் 1959 என்று முடிவு கட்டிவிடலாம். ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். லை, னை, ணை ஆகிய எழுத்துகள் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சிறு அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளைத் தேயும்வரை வைத்திருந்தன. ஆகவே இந்தத் துப்பை மட்டும் நம்பக் கூடாது.

செங்கல்பட்டுப் பகுதிக்கென்றே சில அடையாளங்கள் உண்டு. மாமல்லபுரம் ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று இருந்தால் 1997 ஜூலைக்கும் 2019 நவம்பருக்கும் இடையில் அச்சானது. ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’ என்றால் அதற்குச் சற்று முன். வெறுமனே ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்றால் ஆபத்து: அது பழைய செங்கல்பட்டாகவும் இருக்கலாம், 2019 நவம்பர் 29இல் பிறந்த புதிய மாவட்டமாகவும் இருக்கலாம். அப்போது உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை 1984க்குப் பிறகுதான் வர முடியும். சாளுவன்குப்பத்து முருகன் கோயில் 2005க்குப் பிறகுதான் வர முடியும். இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வெண்ணெய்ப் பாறை முன் நிற்கும் படம் 2019 அக்டோபருக்குப் பிந்தியது. தொலைபேசி எண் 04114 என்று தொடங்கினால் அது 044 ஆவதற்கு முந்திய அச்சு. ஐந்து நிமிடம் பொறுமையாகப் புரட்டினால், ஆண்டு இல்லாத நூலைப் பத்தாண்டுக்குள் அடைத்துவிடலாம்.

இதைவிட எளிய ஒரு வேலையை லண்டன் புத்தக வணிகர் ஜார்ஜ் தாமசன் நமக்கு முன்பே செய்து காட்டிவிட்டார். 1640 முதல் 1661 வரை, உள்நாட்டுப் போர்க் காலத்தில், தெருவில் விற்ற துண்டுநூல்களையும் செய்தித்தாள்களையும் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேல் சேர்த்தார். பலவற்றின் முகப்பில், அது கைக்கு வந்த நாளைத் தன் கையால் எழுதி வைத்தார். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்தத் தொகுப்பின் அருமை தாள்களில் மட்டும் இல்லை. அந்தக் கையெழுத்துத் தேதிகளிலும் இருக்கிறது. எந்த வாரத்தில் எந்த வதந்தி அச்சில் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் அவற்றை வைத்தே சொல்கிறார்கள்.

அடிக்குறிப்பில் என்ன எழுதுவது என்பது உண்மையில் கடினமான கேள்வி அல்ல. சிகாகோ கையேடும் எம்.எல்.ஏ. கையேடும் துண்டுநூலைப் புத்தகம்போலவே நடத்தச் சொல்கின்றன. தாளில் இல்லாமல் ஆய்வாளர் ஊகித்துச் சேர்ப்பதைப் பகர அடைப்புக்குள் போடச் சொல்கின்றன. ஆசிரியர் பெயர் இல்லையென்றால் தலைப்பில் தொடங்கலாம். தேவஸ்தானமோ விழாக்குழுவோ வெளியிட்டிருந்தால் அதுவே ஆசிரியர். ஆனால் நம் சிறுநூல்களுக்கு இது போதாது என்பது என் அனுபவம். ஒரே தலைப்பில் ஒரே ஊரில் பல சிறுநூல்கள் இருக்கும். ஒரே நூல் அச்சகம் மாறி, அட்டை மாறி, சொல்லாமலே திருத்தம் பெற்று வரும். ஆகவே அச்சகப் பெயர், பக்க எண்ணிக்கை, விலை, அட்டையில் உள்ள படம், எந்த ஊரில் எந்த நாளில் வாங்கியது, இப்போது பிரதி எங்கே இருக்கிறது ஆகியவையும் வேண்டும். ஆண்டை ஊகித்திருந்தால் எந்தத் துப்பை வைத்து என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். உபயதாரர், அர்ச்சகர் முதலிய தனிமனிதர் பெயர்களையும் எண்களையும் தேவையின்றி அடிக்குறிப்புக்கு ஏற்ற வேண்டாம். கூர்ந்து பார்த்தால், 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு கேட்ட பட்டியல்தான் இது. போலீசுக்காக எழுதிய அந்தப் பட்டியல், ஆய்வு முறை நூல்கள் பலவற்றைவிட நல்ல மேற்கோள் இலக்கணம்.

சிறுநூல் என்றாலே அறிவில் தாழ்ந்தது என்ற எண்ணத்தையும் விட வேண்டும். மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற வாதம் நூறாண்டு பழையது. 1914இல் விக்டர் கொலுபியூ கங்கை இறங்கும் காட்சி என்று வாதிட்டது முதல் ஆங்கில, பிரெஞ்சு நூல்கள் அதை விடாமல் பேசுகின்றன. அது சமண புராணத்தில் வரும் சகர சக்கரவர்த்தி மக்களின் கதை என்று மயிலை சீனி. வேங்கடசாமி மகாபலிபுரத்து ஜைன சிற்பம் என்ற சிறுநூலில் 1950இல் வாதிட்டார். அவர் முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு. பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர் தமிழில் எழுதிய சிறிய புத்தகம் என்பதால் மட்டுமே அந்த வாதம் உலக விவாதத்தின் அடிக்குறிப்புகளில் இடம்பெறாமல் இருப்பது நியாயமில்லை. அளவும் விலையும் மொழியும் ஒரு மூலத்தின் தரத்தைத் தீர்மானிக்கக் கூடாது. அதில் உள்ள வாதமும் அதை எழுதியவர் காட்டும் ஆதாரமும்தான் தீர்மானிக்க வேண்டும். மறுபக்கத்தில், எல்லாச் சின்னங்களும் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தவை என்று இரா. நாகசாமி 1962இல் முன்வைத்த கருத்து உள்ளூர் வழிகாட்டி நூல்களை எட்டியதாகத் தெரியவில்லை. அவற்றில் கல்கியின் சிவகாமியின் சபதம் வரைந்த மாமல்லரே இன்றும் ஆட்சி செய்கிறார். அதுவும் பதிவுசெய்ய வேண்டிய செய்திதான்: 1944 முதல் 1946 வரை தொடராக வந்த ஒரு நாவல் ஓர் ஊரின் வரலாற்று நினைவை எவ்வளவு ஆழமாக ஆள்கிறது என்பதற்கு அந்த வழிகாட்டி நூல்களே சாட்சி.

அடிக்குறிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பிரதி இல்லையென்றால் பிறர் சரிபார்க்க முடியாது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் தண்டம் ஐம்பது ரூபாயும் நூலின் விலையும். கோயில் வாசல் நூல்களை வெளியிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியும்? கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களோடு நோட்டீஸ்களும் அழைப்பிதழ்களும் இருந்தன. அவர் மறைந்த பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. இன்று தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதிலிருந்து பிறந்தது. குப்பைக்குப் போகும் தாளை எடுத்து வைக்க ஒருவர் இருந்ததால்தான் நமக்கு அந்தக் காலத்துத் தெருவும் மேடையும் தெரிகின்றன.

பல்கலைக்கழகத் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். வட்டார வரலாறு எழுதும் மாணவர், பயன்படுத்திய சிறுநூல்களின் முழுப் படியைத் துறை நூலகத்தில் ஒப்படைத்தால்தான் ஆய்வேட்டை ஏற்பது என்று ஒரு விதி செய்யுங்கள். ‘தரமற்ற மூலம்’ என்று சிவப்பு மையில் அடிப்பதற்குப் பதிலாக, ‘இது எதற்குச் சான்று?’ என்று ஓரத்தில் கேளுங்கள். திருக்கழுக்குன்றத்தில் குரு கன்னி ராசிக்கு வரும்போது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு தீர்த்தப் புஷ்கர மேளா நடக்கும். 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். அதற்கு அச்சாகும் நோட்டீஸ்களில் ஒன்றையாவது நாள் எழுதி எடுத்து வைக்க இப்போதே ஆள் வேண்டும். ஏனென்றால் 1867ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது பருவ இதழ்களை மட்டுமே பதிவு செய்கிறது, நூல்களைத் தொடுவதில்லை.